மாரித்தாயின் வாய்

நான்காவது முறையும் ஷாட் திரும்பி வந்தது.

சுகந்தி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அடுத்த அறையில் ஆசிரியர் எபநேசர் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. சுகந்திக்கு நாற்பத்தெட்டு.

"எந்த ஃபிரேம்ல தப்பு சார்?"

"எந்த ஃபிரேம்லயும் இல்லக்கா."

"அப்புறம் ஏன் திரும்பி வருது?"

"சரியா வரல."

"சரியா வரலன்னா? லிப் சிங்க்ல எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா சார்? கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க."

அவள் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. சுகந்தி இருபத்தாறு வருடம் பின்னணிக் குரல் கொடுத்தவள். தமிழ் தெரியாத நடிகைகளுக்காகப் பேசினாள். வேறு மொழியில் எடுத்த தொடர்களுக்குத் தமிழ் பேசினாள். திரையில் உதடு மூடும் இடத்தில் ஒரு 'ம' விழ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு 'ப' விழ வேண்டும். அந்த இடத்துக்குச் சொல் கிடைக்காமல் வசனம் எழுதுபவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, மைக் முன்னால் நின்றபடியே அவள் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பாள். சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் அதற்காகவே அவளைக் கூப்பிட்டார்கள்.

பிறகு கூப்பிடுவது குறைந்தது. வரைந்த முகங்களைப் பேசவைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று எபநேசரின் அனிமேஷன் கூடத்தில் வந்து சேர்ந்தாள். கூடப் படித்த ஏழு பேருக்கும் அவள் மகள் வயது. முதல் வருடம் பந்து துள்ளுவதை வரைந்தாள். மூட்டை ஒன்று எழுந்து நடப்பதை வரைந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையெல்லாம் கடந்தாள். இரண்டாம் வருடம், பேசும் பாத்திரம். இதில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்திருந்தாள்.

எபநேசர் டம்ளரைக் கீழே வைத்தார். அவளுடைய கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

திரையில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள். நூற்பாலைத் தொழிலாளி.

அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த குரல் மாரித்தாயுடையது. சில நூற்பாலைகளை நடத்தும் நிறுவனம் ஒன்று, வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்புப் படம் கேட்டிருந்தது. விபத்தைப் பார்த்தவர் ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டும், ஆளை மட்டும் வரைந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எபநேசர் ராஜபாளையம் பக்கம் போய் மாரித்தாயைப் பேசவைத்துப் பதிவு செய்து வந்தார். "என் மூஞ்சி மட்டும் வரக்கூடாது தம்பி" என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள்.

பதினான்கு விநாடி. நான்கே வரி. கூட வேலை செய்த கனி என்ற பெண்ணின் கை, மூடி கழன்ற இயந்திரத்தில் சிக்கியதைப் பற்றி.

"மூடி கழண்டு ஒரு மாசமாச்சு. மூணு தடவ சொன்னேன். யாரும் கவனிக்கல. கனி கைய மிஷின் உள்ள இழுத்துருச்சு."

எபநேசர் மேசையிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைக் கிழித்தார். திரையில் அந்தப் பெண்ணின் வாய் இருந்த இடத்தில் ஒட்டினார். ஒலியை நிறுத்தினார். ஷாட்டை ஓடவிட்டார்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"வாயை மூடிட்டுக் கேட்டா எப்படித் தெரியும்?"

"கோபமா இருக்காங்களா? பயமா? இல்ல சாப்பாடு என்னன்னு கேட்கிறாங்களா?"

சுகந்தி பார்த்தாள். அந்தக் கண்கள் எங்கும் பார்க்கவில்லை. சீராக இமைத்துக்கொண்டிருந்தன.

"வாய் பேசுதுக்கா. ஆள் பேசல" என்றார் எபநேசர்.

அவர் போன பிறகு சுகந்தி ஒட்டுத்தாளைப் பிய்த்துக் கசக்கினாள். நேற்று முளைத்தவன் என்று மனதுக்குள் சொன்னாள். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அந்த வாரம் எபநேசரின் தங்கைக்கு நாகர்கோவிலில் கல்யாணம். எட்டு நாள் ஊருக்குப் போனார்.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் பயிற்சி அதிகாரி வரதன் கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார். மாரித்தாயின் ஷாட்டை இரண்டு முறை போடச் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஒரே ஒரு சின்ன மாற்றம்."

"சொல்லுங்க."

"மூணு தடவ சொன்னேன்ங்கிற வரி வேண்டாம். அதுக்கப்புறம் 'யாரும் கவனிக்கல'ன்னு வருதில்ல, அதை 'நானும் கவனிக்கல'ன்னு மாத்திடலாம்."

"ஏன் சார்?"

"புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு, நாமதான் கவனமா இருக்கணும்னு மனசுல படணும். மத்தவங்களைக் குறை சொல்லிக் கத்துக்க முடியாதில்லையா? பயிற்சின்னா அதுதானே."

"அந்தம்மாவைத் திரும்பப் பேசவைக்கணுமே."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நீங்க குரல் கொடுக்கிறவங்கன்னு சொன்னாங்க."

சுகந்தி திரையைப் பார்த்தாள். யாரும். நானும். மெதுவாக உதட்டளவில் சொல்லிப் பார்த்தாள். இரண்டிலும் வாய் 'ஆ' என்று திறக்கிறது. பிறகு 'உ' என்று குவிகிறது. 'ம்' என்று மூடுகிறது. முதல் இரண்டு எழுத்துகளின் மெய்யொலி மட்டும்தான் வேறு. அது வாய்க்குள் நாக்கு செய்கிற காரியம், வெளியே தெரியாது.

"வாயில ஒரு ஃபிரேம்கூட மாத்த வேண்டாம் சார்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

வரதன் வியந்து பார்த்தார். அந்தக் கூடத்துக்கு வந்த இரண்டு வருடத்தில் அவளை அப்படி ஒருவர் பார்த்தது அதுதான் முதல் முறை.

அன்று மாலையே மைக் முன்னால் நின்றாள். மாரித்தாயின் பதிவைப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டாள். பஞ்சுத் தூசி ஏறிய தொண்டை அது. வரியின் கடைசியில் மூச்சு கொஞ்சம் உடையும். ஒன்பதாவது டேக்கில் பிடித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு குரலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

மறுநாள் அந்த வரிக்கு ஏற்றபடி முகத்தைத் திருத்தினாள். 'நானும்' என்ற இடத்தில் கண்களைத் தாழ்த்தினாள். கழுத்தைச் சற்று மடக்கினாள். தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கின. இந்த முறை எல்லாம் தானாகவே வந்தது. நான்கு முறை முட்டிய கதவு இப்போது எளிதாகத் திறந்துகொண்டது.

எபநேசர் ஊரிலிருந்து வந்ததும் போட்டுக் காட்டினாள். நடந்ததையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

எபநேசர் ஷாட்டை மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை ஒலி இல்லாமல்.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

அந்த வார்த்தைக்காக அவள் நான்கு மாதம் காத்திருந்தாள்.

"இப்ப ஆள் பேசுதா சார்?"

"பேசுது. தப்பு செஞ்சவங்க பேசுற மாதிரி இருக்கு."

"ஆமா. அதான் வேணும்."

எபநேசர் ஷாட்டை நிறுத்தினார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மாரித்தாய்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்.

"எதுக்கு? வரதன் சார் ஓகே சொல்லிட்டாரே."

"பேசுனவங்க சொல்லணும்ல."

"ராஜபாளையம் வரைக்கும் போகணுமா? போன்ல அனுப்பினா போதாதா?"

"முகத்தைப் பார்த்துக் காட்டிட்டு வாங்கக்கா. போயிட்டு வந்ததும் கொடுத்துடலாம்."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நல்லா வந்திருக்கு என்று சொன்ன வாயாலேயே ஊர் விட்டு ஊர் அனுப்புகிறார் என்று நினைத்தாள். ஆனாலும் போனாள்.

ராஜபாளையத்தில் இறங்கி மினி பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது காலை பதினொன்று. மாரித்தாய் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் காத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தாள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. இடது கையால் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

"இவதான் கனி. சண்முகக்கனி" என்றாள் மாரித்தாய். "படம் காட்ட வர்றாங்கன்னு சொன்னேன். நானும் பாக்கணும்னு வந்துட்டா."

சுகந்தி மடிக்கணினியை ஸ்டூலின் மேல் வைத்தாள். இரண்டு பெண்களும் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். கனி தலையை மாரித்தாயின் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வரைந்த முகத்தைப் பார்த்ததும் மாரித்தாய் சிரித்தாள்.

"மூக்கு என் மூக்கு இல்ல. மத்தபடி நல்லா இருக்கா."

படத்துப் பெண் பேசினாள். மூடி கழண்டு ஒரு மாசமாச்சு. நானும் கவனிக்கல. கனி கைய மிஷின் உள்ள இழுத்துருச்சு.

சிரிப்பு நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள் மாரித்தாய்.

சுகந்தி போட்டாள்.

"என் குரல்தான்" என்றாள் மாரித்தாய், மெதுவாக.

கனி தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"யக்கா, மேஸ்திரிகிட்ட மூணு தடவ சொன்னேன்னு என்கிட்ட சொன்னியே."

"சொன்னேன்டி."

"இதுல நீயும் கவனிக்கலன்னு சொல்ற."

"சொன்னேன். சொன்னேன்னுதான் நெனப்பு." மாரித்தாய் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தாள். "அன்னைக்கு அந்தத் தம்பி கேக்கும்போது நாலஞ்சு தடவ பேசுனேன். அழுகை வேற வந்துருச்சு. இப்படியும் சொல்லியிருப்பேன் போல."

"எப்படி யக்கா சொல்லுவ? பாக்காமலா விட்ட?"

"தெரியலடி. எனக்கே இப்ப கொழப்பமா இருக்கு. பாத்திருந்தா ஒன்ன அங்க நிக்க விட்டிருப்பேனா?"

கனி எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். மாரித்தாய் அவளைக் கூப்பிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் குனிந்திருந்த பெண்ணைப் போலவே அவளுடைய தோளும் மெல்ல ஒடுங்கிக்கொண்டிருந்தது.

சுகந்தி மடிக்கணினியை மூடினாள். அந்தத் தோளை வரைந்தது அவள்.

"அது நீங்க இல்லம்மா" என்றாள். "அது நான்."

மாரித்தாய்க்குப் புரியவில்லை.

சுகந்தி கண்களை மூடிக்கொண்டாள். "நானும் கவனிக்கல" என்று மாரித்தாயின் குரலில் சொன்னாள்.

வாசலில் நின்ற கனி சட்டென்று திரும்பி மாரித்தாயைப் பார்த்தாள். மாரித்தாயின் உதடுகள் மூடியிருந்தன.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள் மாரித்தாய்.

"மூணு தடவ சொன்னேன். யாரும் கவனிக்கல. அப்படித்தான் சொன்னீங்க."

"அத எங்க?"

"எடுத்துட்டோம்."

"யாரு?"

"அவங்க கேட்டாங்க. நான்தான் எடுத்தேன்."

மாரித்தாய் குரலை உயர்த்தவில்லை. சுகந்திக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"என் மூஞ்சியத்தான் மறைக்கச் சொன்னேன். நான் சொன்னத மறைக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"மில்லுல எங்க வாய மூடுவாங்க. அது பழகிப்போச்சு. நீங்க எங்க வாயத் தொறந்து வச்சு உள்ள நீங்க பேசுறீங்க. எதுக்கும்மா செஞ்சீங்க?"

சுகந்தி யோசித்தாள். அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்லக் கூசியது. சொன்னாள்.

"வாய் பொருந்துச்சு."

கனி உள்ளே வந்து மாரித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் இல்லாத கையை அவள் முழங்காலில் வைத்தாள்.

"நீ சொல்லுக்கா. இவங்ககிட்ட இன்னொரு தடவ சொல்லு."

மாரித்தாய் சொன்னாள். மூடி என்று கழன்றது, எந்தக் கிழமை மேஸ்திரியிடம் முதலில் சொன்னது, இரண்டாவது முறை அவர் என்ன சொல்லிச் சிரித்தார், மூன்றாவது முறை எப்படிக் கையை உதறினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை. கையை ஆட்டவில்லை. 'யாரும் கவனிக்கல' என்று சொல்லும்போது சுகந்தியின் கண்ணை நேராகப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. சுகந்திதான் தலை குனிந்தாள்.

புறப்படும்போது மாரித்தாய் கேட்டாள்.

"நான் சொன்னது உங்ககிட்ட இருக்கா? அழிச்சுட்டீங்களா?"

"இருக்கு."

"அத அப்படியே போட்டு எங்களுக்குக் குடுங்க. சங்கத்துல போட்டுக் காட்டணும்."

மறுநாள் காலை சுகந்தி கூடத்துக்குள் நுழைந்ததும் பையைக் கீழே வைக்காமல் நேராக எபநேசரின் அறைக்குப் போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"என்னக்கா?"

"நான் செஞ்சது தப்புன்னு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல? திட்டியிருக்கலாம். கம்ப்யூட்டரைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு பொம்பளை, தான் செஞ்சதையே செஞ்சோமான்னு சந்தேகப்பட்டா சார், என் கண்ணு முன்னாடி. கை போன பொண்ணு அவளை விட்டு எழுந்து போனா. எனக்குப் பாடம் எடுக்க அவங்கதான் கிடைச்சாங்களா?"

எபநேசர் எழுந்து நின்றார்.

"பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நினைச்சேன். இது நான் இல்லன்னு சொல்லி உங்களை ஒரு பிடி பிடிப்பாங்க, அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன். அவங்களே நம்புவாங்கன்னு நான் நினைக்கல."

"ஏன் நினைக்கல?"

"நீங்க அவ்வளவு நல்லா செஞ்சிருந்தீங்க. நான்தான் அதைப் பார்க்கத் தவறிட்டேன்."

சுகந்தி பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் மாரித்தாய்க்குப் போன் பண்ணினேன்" என்றார் எபநேசர். "உங்களைவிட அதிகமா நான்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்களைப் பேசவச்சு வாங்கிட்டு வந்தது நான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அதுக்குக் காவல் வச்சுட்டுப் போயிருக்கணும்."

"நீங்க தப்புன்னு சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேன் சார்."

"யாருக்காக?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை வரதன் வந்தார். எபநேசர் மாரித்தாயின் சொந்தக் குரல் இருந்த பழைய ஷாட்டைத்தான் போட்டுக் காட்டினார். வரதன் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நான் கேட்டது இது இல்லையே."

"அவங்க சொன்னது இதுதான் சார்."

"யாரும் கவனிக்கலன்னா, அந்த யாரும்ங்கிறது யாரு? எங்களைத்தானே சொல்றாங்க?"

"ஆமா சார்" என்றார் எபநேசர்.

வரதன் சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க பேசிக் கொடுத்தீங்களே. அது எங்க?"

"அது என்னோட குரல். அதை நான் கொடுக்கிறதா இல்ல."

"பேசும்போது சந்தோஷமாத்தானே பேசினீங்க."

"ஆமா. அதை நினைச்சாத்தான் எனக்குக் கூசுது."

வரதன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இந்தப் படம் எங்களுக்கு வேண்டாம். வேற ஆள் ஒரே நாள்ல செஞ்சு கொடுப்பாங்க."

"கொடுப்பாங்க சார்" என்றாள் சுகந்தி. "நானே ரெண்டு நாள்ல செஞ்சவதான். அந்த ஆள்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கை போனது இன்னொரு பொண்ணுக்கு. சத்தம் போட்டுச் சொன்னது இந்தம்மா. ரெண்டையும் சொல்லிட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். அந்த வேலையும் போய்விட்டது. கூடத்தில் இருந்த ஏழு பேரும் எபநேசரைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல வகுப்பைத் தொடங்கினார்.

சுகந்தி தான் பேசிய பதிவை அழித்தாள். வரைந்ததையும் அழித்தாள். மாரித்தாயின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒன்பது நாள் அந்த முகத்துக்கு அவள் வாயே வைக்கவில்லை. வெறும் கண், புருவம், கழுத்து. மூணு தடவ என்று சொல்லும்போது தலை ஆடக்கூடாது என்று கண்டுபிடித்தாள். மூச்சு எங்கே ஏறுகிறது என்று பதிவைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கூடப் படித்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்ன ஆன்ட்டி, வாயே இல்லாம பேசுறாங்க" என்றாள். சுகந்தி சிரிக்கவில்லை.

எத்தனையோ முறை கண் கீழே போயிற்று. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி நேராக வைத்தாள். அப்படி வைக்கும்போதெல்லாம் திரையிலிருந்து அந்தப் பார்வை அவள்மேலேயே விழுந்தது. இரண்டு முறை எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

பத்தாம் நாள் வாய் வைத்தாள். அது அரை நாள் வேலைதான்.

பதினோராம் நாள் எபநேசரைக் கூப்பிட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்றுகொண்டாள். கையில் குறிப்பு நோட்டு இருந்தது.

ஷாட் ஓடியது. பதினான்கு விநாடி.

மூடி கழண்டு ஒரு மாசமாச்சு. மூணு தடவ சொன்னேன். யாரும் கவனிக்கல. கனி கைய மிஷின் உள்ள இழுத்துருச்சு.

முடிந்த பிறகும் எபநேசர் திரும்பவில்லை.

சுகந்தி நோட்டைப் பிரித்தாள்.

"ஒரு இடத்துல தப்பு இருக்கு சார். 'யாரும்'ல உதடு மூடுறது ரெண்டு ஃபிரேம் தள்ளிப் போயிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் சரி பண்ணி மாரித்தாய்க்கு அனுப்பிடுறேன். நீங்க பார்த்தீங்களா?"

"இல்லக்கா" என்றார் எபநேசர். "அவங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."